ஊர் வாசலில் திருநீறு

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
28 ஜூலை 2024

அன்புள்ள அஜந்தா சித்திக்கு,

சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். அம்மா என்னைக் கண்டதும், "மெலிஞ்சு போனாய், ஆனா முகம் தெளிஞ்சிருக்கு" என்றார். தாய்லாந்து மலையில் அகா என்ற பழங்குடியினரின் ஊரில் நின்றேன் என்று சொன்னால், "எந்த அக்கான்ர ஊர்?" என்று இன்னும் பகிடி விடுகிறார்.

மலையில் உங்கள் போனுக்குச் சிக்னல் இல்லாததும் நல்லதுதான். எடுத்தாலும் நான் கதைக்க மாட்டேன். எழுதினால்தான் எனக்குச் சொல் வரும். வகுப்பில் எழுந்து நின்று கதைக்கப் பயந்து பள்ளிக்கூடத்தையே விட்டவள்தானே.

விடிய முன்னம் இப்போதும் முழிப்பு வருகிறது. நெல் குத்தும் சத்தம் கேட்காதது என்னவோ போல் இருக்கிறது. என் வயதுதான் என்றாலும் மீச்சு நெற்றியில் பட்டியை மாட்டி ஒரு கூடை விறகைச் சுமந்து ஏறுவாள். நான் அரைக் கூடையுடன் மூச்சு வாங்க, திரும்பி நின்று சிரிப்பாள். ஆறு கிழமையும் அவளுடைய வீட்டில், பெண்கள் பகுதியின் அடுப்படியில், அவளுக்குப் பக்கத்தில்தானே படுத்தேன்.

இங்கே ஒரு கார்டெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், வேலை கிடைத்திருக்கிறது. குழந்தைகள் சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவ வேண்டும். யாருடனும் கதைக்கத் தேவையில்லை.

மீச்சு சுகமா? அந்த ஊர் வாசல் பிரச்சினை முடிந்துவிட்டதா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
சஜிதா

மலையடிவாரக் கிளினிக்
6 செப்டெம்பர் 2024

அன்பு மகள் சஜிதா,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது.

வாசல் பிரச்சினை முடியவில்லை. உனக்குத் தெரியும், ஊருக்குள் ஆவிகள் நுழையாமல் காக்கிற வாசல் அது. ஒருவரும் தொடக்கூடாது. யாரோ அதில் சாம்பல் பூசியிருக்கிறார்கள். அடுப்புச் சாம்பலை நாளும் அள்ளிக் கொட்டுகிறவள் மீச்சு என்பதால் பெரியவர்கள் அவளைக் கேட்டார்கள். அவள் மறுக்கவில்லை. தீட்டுக் கழிக்க அவர்கள் வீட்டுப் பன்றியை வெட்டினார்கள். நான் அன்று கிளினிக்கில் வேலையில் நின்றேன். மேலே ஏறிப் போனபோது வாசலைக் கழுவி முடித்திருந்தார்கள்.

போன கிழமை ஊஞ்சல் திருவிழா. நாலு மரம் நட்டு, மலைச்சரிவுக்கு மேலே ஊஞ்சல் கட்டினார்கள். பெட்டைகள் எல்லாரும் வெள்ளித் தொப்பியோடு ஆடினார்கள். மீச்சுவைத் தாய் விடவில்லை, "இந்த வருஷம் வேண்டாம்" என்றுவிட்டாள். அவளுடைய தொப்பி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் அப்படிச் செய்தாய் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். அடுப்பைக் கிளறிக்கொண்டிருக்கிறாளே தவிர வாய் திறக்கிறாள் இல்லை. கதைக்காமல் இருப்பதில் உன்னையும் வென்றுவிட்டாள்.

நீ அன்று அங்கேதானே நின்றாய், பிள்ளை. ஏதாவது கண்டாயா?

உன் சித்தி,
அஜந்தா

மொன்றியல்
27 செப்டெம்பர் 2024

சித்தி,

நான்தான்.

அது அடுப்புச் சாம்பல் இல்லை. அம்மா பையில் வைத்துவிட்ட திருநீறு. "தொடாதை" என்று நீங்கள் முதல் நாளே சொன்னீர்கள், நான் மறக்கவில்லை. ஆனால் அந்த வாசல் மரத்தில் செதுக்கிய உருவங்களைப் பார்த்தபோது கோயில் வாசல் போல இருந்தது. திருநீறு பூசிக் கும்பிடுவது தொடுவது ஆகாது என்று நினைத்தேன். மூன்று விரலால் பூசிவிட்டு, என்னை இங்கேயே இருக்க விடு என்று கும்பிட்டேன். அங்கே என்னை ஒருவரும் "ஏன் கதைக்கிறாய் இல்லை?" என்று கேட்கவில்லை.

திரும்பினால் மீச்சு தண்ணீர்க் குடுவைகளோடு நின்றாள். எல்லாவற்றையும் கண்டாள்.

பின்னேரம் பெரியவர்கள் வந்தார்கள். பாஷை தெரியாவிட்டாலும் என்ன கேட்கிறார்கள் என்று விளங்கியது. மீச்சு ஒரே ஒரு தரம் என்னைப் பார்த்தாள். நான் என் சோற்றைப் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முதல் நாள்தான் அவள் அடுப்படியில் என் கையைப் பிடித்து என் நெஞ்சில் வைத்து "ஙா" என்று சொல்லித் தந்தாள். நான் என்பதற்கு அவர்களுடைய சொல் அதுதான். பத்துத் தரம் சொல்லச் சொல்லிச் சிரித்தாள். அன்று அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது, சித்தி. எனக்குத் தெரிந்திருந்தது.

எனக்குக் கூச்சம் என்று சொல்லி எல்லாரும் என்னை விட்டுவிடுகிறீர்கள். அன்று அது கூச்சம் இல்லை.

இந்தக் கடிதத்தை அவளுடைய தாய்க்கும் பெரியவர்களுக்கும் அவர்களுடைய பாஷையில் வாசித்துக் காட்டுங்கள். ஒன்றையும் விட வேண்டாம்.

சஜிதா

மலையடிவாரக் கிளினிக்
20 ஒக்டோபர் 2024

சஜிதா,

வாசித்துக் காட்டினேன். ஒன்றையும் விடவில்லை.

பெரியவர்கள் கொஞ்ச நேரம் புகை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம் தெரியாத பிள்ளை, வாசலும் ஏற்கெனவே சுத்தமாகிவிட்டது என்று சொல்லி எழும்பினார்கள். தாய்தான் அழுதாள், பன்றிக்காக இல்லை. தொப்பியை ஆணியிலிருந்து எடுத்து, துடைத்து, திரும்பவும் அங்கேயே மாட்டினாள். ஊஞ்சல் இனி அடுத்த வருஷம்தான்.

மீச்சு முழுவதையும் கேட்டாள். விருந்தாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் பேசாமல் இருந்தாளாம். கோபம் இருக்கிறதா என்று கேட்டேன், அடுப்புக்கு விறகு தள்ளினாள். நான் இறங்கப் புறப்பட்ட நேரம் ஒழுங்கை வரை வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "அண்டைக்கு அந்த நேரத்தில அவளுக்கு 'ஙா' எண்ட சொல் மறந்து போச்சுதா?"

ஓம் என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் போலத் தெரிந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்று இறங்கிவிட்டேன். சனிக்கிழமைகளில்தானே நான் மேலே ஏறுகிறேன், இனி எப்போது போனாலும் கேட்பாள். என்ன சொல்ல?

அஜந்தா

மொன்றியல்
9 நவம்பர் 2024

சித்தி,

மறக்கவில்லை என்று சொல்லுங்கள்.

சஜிதா