நங்கூர மோட்டார் பொருத்தியாயிற்று, ஏறக்குறைய

அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. வேலைக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. வீங்கின மணிக்கட்டோடு பாத்திரத்தைத் தொடாதே, வந்து நான் தேய்க்கிறேன்.

பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் வருவார், மோட்டாருக்கு சுவிட்ச் மாட்ட. படகுச் சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, கொடுத்துவிடு.

ஆமாம், நங்கூரம் தூக்க மோட்டார் வாங்கிவிட்டேன். "ஆறு வருஷமா நீங்க ஸ்டியரிங்ல உட்கார்ந்து 'இழு, இழு'ன்னு கத்துறீங்க, நான் சங்கிலியோட மல்லுக்கட்டுறேன். இனிமே அந்தப் படகுல கால் வைக்க மாட்டேன்" என்றாய் போன ஞாயிற்றுக்கிழமை. சின்னப் படகுக்கு மோட்டார் எதற்கு, சோம்பேறித்தனம் என்றேன் நான். மறுநாள் தனியாகப் போய் இழுத்துப் பார்த்தேன். இரண்டாவது தடவையே முதுகு பிடித்துக்கொண்டது.

நேற்று படகின் முன்தளத்தில் ஓட்டை போட்டு மோட்டாரைப் பொருத்தி, பேட்டரியில் நேராக இணைத்து ஓட்டிப் பார்த்தேன். கீழே சங்கிலி விழும் பெட்டிக்கு ஆழம் போதவில்லை. சங்கிலி குவிந்து மோட்டாரை அடைக்கிறது. ஒருவர் பக்கத்தில் குனிந்து குச்சியால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். போனில் சொன்னதற்கு எலக்ட்ரீஷியன் சிரித்தார்: "ஓட்டை போடறதுக்கு முன்னாடி வீட்டம்மாவைக் கேட்டிருக்கலாமே சார். அந்தப் பெட்டி அவங்களுக்குத்தானே தெரியும்."

எனக்கு அது தோன்றவே இல்லை.

பி.கு.: சுவிட்சை ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டச் சொல், உன் கைக்கு எட்டும்படி. ஞாயிற்றுக்கிழமை வருவாயானால் அங்கே நீ உட்கார். குச்சியோடு முன்னால் நான் குனிந்திருக்கிறேன். கத்துவது இனி உன் பங்கு.