வாசலைப் பார்த்த செருப்பு

16.8.1981, ஞாயிறு

என் மனைவி சரோஜா ஒரு மாதமாகப் புத்தர் கோயிலுக்குப் போகிறாள். அங்கே ஒரு ஜப்பான்காரம்மா பெண்களுக்குக் காகிதத்தில் கொக்கு மடிக்கக் கற்றுக்கொடுக்கிறாளாம். இன்று வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும், சுரங்க வேலைக்குப் போடும் என் மைன்ஸ் பூட்ஸை எடுத்து வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"என்னை வெளியே போகச் சொல்றியா?" என்று கேட்டேன்.

"கோயில்ல அப்படித்தாங்க வைக்கிறாங்க. கெளம்புறப்போ மாட்டிக்கினு போவ சௌகரியமாம்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொக்கு மடிக்கப் போனவளுக்குச் செருப்பில் என்ன பாடம்? நாளை எனக்கு வீக்லி ஆஃப். நான் எங்கே கிளம்பப் போகிறேன்?

அவள் தூங்கிய பிறகு பூட்ஸைப் பழையபடி சுவரைப் பார்க்க வைத்தேன். பக்கத்தில் அவளுடைய செருப்பும் வாசலைப் பார்த்துத்தான் கிடந்தது. அதைத் தொட எனக்குக் கை வரவில்லை.