இணைப்பு உறுப்பினர்

செப்டம்பர் 10, செவ்வாய்

சலவை அறையில் மூன்றாவது இயந்திரம் இன்றும் தண்ணீரை வெளியே விடவில்லை. ஊறிய போர்வையைக் கையால் பிழிந்து முடிப்பதற்குள் தோள் கழன்றுவிட்டது. இந்த வாரம் நான் செய்த பெரிய காரியம் இதுதான் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும்.

ஒரு வகுப்பறை முழுக்கப் பிள்ளைகளை மேய்த்தவள் நான். முறைத்தால் போதும், கடைசி பெஞ்சு வரை அடங்கும். இவருடைய ஆராய்ச்சிப் படிப்புக்காக அந்த வேலையை விட்டுவிட்டு, பல்கலைக்கழகக் குடியிருப்பில் நான்காம் மாடியில் ஜன்னலைத் துடைத்துக்கொண்டு இருக்கிறேன். காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறவர் இருட்டிய பிறகுதான் வருகிறார். பகல் முழுக்க நான் வாயைத் திறப்பது பால் வாங்கும் கடையில் மட்டும்.

சலவை அறைக் கதவில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. மாணவர்களின் மலைநடை கிளப், சனிக்கிழமைதோறும் நடை, குடும்பத்தாரும் வரலாம். இவரிடம் சொன்னேன். “நீ போயிட்டு வா. எனக்கு நாய் துரத்தினாலே ஓட வராது” என்றார்.

செப்டம்பர் 14, சனி

போனேன். உடம்பில் எனக்குத் தெரியாத இடங்களிலெல்லாம் வலிக்கிறது.

கிளப் செயலாளர் மண்ணியல் படிக்கும் பெண். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்குவதால் எல்லாருக்கும் அவள் ‘விசில்’தான். ஒரு பையன் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட, அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதற்குள் நான் அக்கா ஆகிவிட்டேன். அந்தப் பையனுக்கு ‘அவசரம்’ என்று பெயர். ஏன் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டி நிற்பதற்குள் இறங்கிவிட்டான்.

உச்சியில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். கீழே நான் இருக்கும் கட்டடம் எங்கே என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 28, சனி

யாரும் இரண்டு தடவை சும்மா வந்து பார்க்கலாம். மூன்றாவது நடைக்கு உறுப்பினராக வேண்டும் என்பது விதி. இன்று ஆனேன். எப்படி ஆனேன் என்பதுதான் வேடிக்கை. மாணவர்களுக்கு முழு உறுப்பினர் இடம். மாணவருடைய கணவனோ மனைவியோ என்றால் ‘இணைப்பு உறுப்பினர்’. அதற்கு அந்த மாணவர் முதலில் சேர வேண்டும். அவர் மேல் நம்மைக் கொக்கி போட்டு மாட்டுவார்கள். அவர் ஒரு நாளும் நடக்க வராவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பருவமும் தன் மாணவர் அட்டையைக் காட்டிப் புதுப்பித்தால் போதும். இருவருடைய காப்பீடும் அதிலேயே ஓடும்.

ஆக, சனிக்கிழமை படுக்கையை விட்டு எழுந்திருக்காத மனிதர் முழு உறுப்பினர். மலை ஏறுகிற நான் அவருக்குப் பின்னால் மாட்டிய ரயில் பெட்டி.

“எஞ்சின் நான்தானே” என்று இவர் மீசையைத் தடவிக்கொண்டார். கிளப் கிடங்கில் இரவல் கொடுத்த நடைக்காலணியைக் கழுவி வாசலில் காய வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கொஞ்சம் நடுவிலேயே வைத்தேன்.

நவம்பர் 9, சனி

இன்று நான் வால்!

கிளப்பில் ஒரு ஏற்பாடு உண்டு. முன்னால் ஒருவர் வழிகாட்டி, கடைசியில் ஒருவர் வால். வாலைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. வழிகாட்டியும் வாலும் நடப்பு உறுப்பினராக, அதாவது அந்தப் பருவத்துக்குப் புதுப்பித்தவராக, இருக்க வேண்டும், இல்லையென்றால் அது கிளப் நடையே இல்லை. விசில் யோசிக்காமல் என்னைக் காட்டினாள். “அக்கா தலைய எண்ணுறதப் பார்த்திருக்கீங்களா? ஒருத்தன் புதருக்குள்ள ஒதுங்கினாக்கூட தெரிஞ்சிடும்.”

பள்ளிக்கூடப் பழக்கம். இங்கேயும் அது உதவும் என்று நான் நினைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

ஜனவரி 13, திங்கள்

புதுப் பருவம் தொடங்கிவிட்டது. “அட்டையைக் கொடுங்க, நானே போய்ப் புதுப்பிச்சுட்டு வரேன்” என்றேன். ஆய்வுக்கூடத்தில் இருக்கிறதாம். நாளை.

ஜனவரி 17, வெள்ளி

நாளை, நாளை, நாளை. ஒரு அட்டையை எடுத்துவர இந்தப் பாடா?

ஜனவரி 25, சனி

விசிலிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “இவருக்கு வேலை அதிகம்மா. அடுத்த வாரம் கட்டாயம்.”

“அட விடுங்கக்கா, நீங்க எங்க ஓடிடப் போறீங்க?” என்று சொல்லிவிட்டு வண்டியில் பைகளை ஏற்றப் போய்விட்டாள். மனசு குளிர்ந்தது. இந்த ஊரில் என்னை நம்புகிற ஒருத்தி.

பிப்ரவரி 8, சனி

எழுதினால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

ஓடைக்கு மேலே ஈரப்பாறை. நான் வால். எனக்கு முன்னால் அவசரம். “மெதுவா போடா, பாறை வழுக்கும்” என்று சொல்லி வாய் மூடவில்லை, தாவினான், விழுந்தான். மணிக்கட்டு போக வேண்டிய திசையில் இல்லை. என் துப்பட்டாவை மடித்துக் கைக்குத் தூளி கட்டினேன். விசில் ஓடிவந்தாள். கீழே இறங்கும் வரை பையன் ஒரு சத்தம் போடவில்லை. வண்டியில் ஏறியதும்தான், “அக்கா, அம்மாகிட்ட நீங்க பேசுறீங்களா?” என்றான்.

எலும்பு முறிவு. கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். “கிளப் காப்பீடு இருக்கு, கவலைப்படாதீங்க” என்று அவன் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் விசில் வீட்டுக்கு வந்தாள். இதுவரை வந்ததில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காப்பீட்டுக்காரர்கள் அன்றைக்கு நடந்தவர்களையெல்லாம் சரிபார்த்திருக்கிறார்கள். வாலாக நடந்தவர் நடப்பு உறுப்பினர் இல்லை, ஆகவே அது கிளப் நடையே இல்லை, ஆகவே காப்பீடு இல்லை என்று கைவிரித்துவிட்டார்களாம். கிளப்பை நிறுத்தி வைத்து விசாரணை.

“அக்கா, சார உடனே அட்டையோட வரச் சொல்லுங்க. மாணவரா இருந்தா முன்தேதி போட்டுப் புதுப்பிக்கக் கெஞ்சிப் பார்க்கலாம்.”

இவர் உள்ளறையில் இருந்தார். கிளம்புகிற நேரம்தான். கையில் பை. வாசலுக்கு வந்தார், விசிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

“நான் மாணவன் இல்ல. டிசம்பர்லயே நிறுத்திட்டேன்.”

இரண்டு வருடமாக அளந்ததெல்லாம் தப்பாம். கருவியில் ஏதோ கோளாறாம். முதலிலிருந்து தொடங்கு என்று பேராசிரியர் சொன்னாராம். இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாராம். அப்படியென்றால் தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு? பேருந்து நிலையத்தில். உட்கார்ந்திருப்பாராம். நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை அங்கேதான் சாப்பிட்டிருக்கிறார்.

விசில் எப்போது போனாள் என்றே கவனிக்கவில்லை.

கத்தினேன். என்ன கத்தினேனோ, பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். ஏன் சொல்லல, என்கிட்ட ஏன் சொல்லல, நான் என்ன உங்கள முழுங்கிடுவேனா? பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “நீ சனிக்கிழமை மட்டும்தான் சிரிச்ச. நான் சொன்னா அதுவும் போயிடும்.”

திட்டக்கூட ஒரு பிடி இல்லாமல் செய்துவிட்டாரே மனிதர்.

பிப்ரவரி 13, வியாழன்

சமைத்தேன். இரண்டு பேரும் தட்டில் கோலம் போட்டோம்.

பிப்ரவரி 19, புதன்

கிடங்குக்குப் போய்க் காலணியைத் திருப்பிக் கொடுத்தேன். விசில் மட்டும் இருந்தாள். மன்னிப்புக் கேட்க நிறைய யோசித்து வைத்திருந்தேன். “உன்ன ஏமாத்தணும்னு நினைக்கலம்மா” என்று மட்டும் சொன்னேன்.

“தெரியும்க்கா. ஆனா பார்க்காம விட்டது நான்தானே. வேற யாராவதா இருந்தா அட்டை இல்லாம வண்டியில ஏத்தியிருக்க மாட்டேன்.”

அதுதான் குத்துகிறது. என்னை நம்பியதுதான் அவள் செய்த ஒரே தப்பு.

பிப்ரவரி 26, புதன்

விசாரணை. இவரும் வருவதாகத்தான் இருந்தது. சட்டை போட்டார், ஒரு காலுறையைப் போட்டார், இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். “கால் எழும்பல” என்றார். இழுத்துக்கொண்டு போகவா முடியும்? தனியாகப் போனேன்.

நீளமான மேசை, மூன்று அதிகாரிகள், எனக்கு மட்டும் ஆடுகிற நாற்காலி. நடுவில் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “உங்க கணவர் படிப்ப நிறுத்தினது உங்களுக்குத் தெரியவே தெரியாதா? ஒரே வீட்டுலதான இருக்கீங்க?”

தெரியாது. இதைவிட உண்மையான வார்த்தையை நான் சொன்னதில்லை. இதைவிடப் பொய்யாக ஒலித்ததும் இல்லை. தெரிந்திருந்தது என்று சொன்னால் விசில் மேலுள்ள குற்றம் ஏதாவது குறையுமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். குறையாது. எதைச் சொன்னாலும் அவள் பார்க்காமல் விட்டது விட்டதுதான். வகுப்பறையில் நான் கேள்வி கேட்டபோது வாயடைத்து நின்ற பிள்ளைகளெல்லாம் நினைவுக்கு வந்தார்கள். பாவம், அதுகளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

“அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லைங்க” என்றேன். “அத நாங்க முடிவு பண்ணிக்கிறோம்” என்றார்கள்.

மார்ச் 7, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. அவசரத்தின் மருத்துவச் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்கிறது. அதுவரை நல்லது. கிளப் மறுபடி நடக்கலாம். விசில் செயலாளர் இல்லை, இனி எந்தப் பொறுப்பிலும் இருக்க முடியாது. இணைப்பு உறுப்பினர் என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள். மாணவர்கள் மட்டும்.

குடியிருப்பில் என்னைப் போல ஆறேழு பெண்கள் சேர்ந்திருந்தார்கள். இன்று சலவை அறையில் ஒருத்தி என்னைப் பார்த்ததும் துணியை அள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். நியாயம்தான்.

வீட்டையும் இம்மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அதுவும் மாணவர்களுக்கு மட்டும்.

மார்ச் 15, சனி

ஐந்து மணிக்கே விழிப்பு. போக இடமில்லை. தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். இவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார், தெரியும். தொடவில்லை. தொட்டிருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பேன். தொடாததற்கும் கோபம்.

மார்ச் 29, சனி

சாமான்களை ஏற்றிவிட்டோம். புது இடம் டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. நாள் முழுக்க ரப்பர் வாசனை. எனக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வார நாளில் ஆள் இருக்கிறதாம், சனியும் ஞாயிறும் கட்டாயம் வர வேண்டுமாம். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ஏப்ரல் 3, வியாழன்

இவர் அறையை விட்டு இறங்கவே இல்லை. சவரம் இல்லை. கேட்டால் “ம்”. ஊரிலிருந்து அவர் அப்பா பேசினால் நான்தான் சமாளிக்கிறேன்: வேலையா இருக்காரு மாமா, அப்புறம் பேசச் சொல்றேன். பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று இப்போது தெரிகிறது. மருத்துவரிடம் போகலாம் என்றேன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு இதற்கு மேல் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

ஏப்ரல் 12, சனி

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கதவு தட்டினார்கள். விசிலும் அவசரமும். பையன் கட்டுப் பிரித்து, கை சூம்பிப் போய் இருக்கிறான்.

“கிளப்பா வரலக்கா” என்றாள் விசில். “எங்க ரெண்டு பேருக்கும் சும்மா நடக்கணும் போல இருந்துச்சு. அந்த ஓடைப் பக்கம்தான். நீங்களும் வாங்க.”

ஒரு நொடி எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று இருந்தது. காப்பகத்தின் நீலச் சட்டை போட்டிருந்தேன். “சனிக்கிழமை எனக்கு வேலைம்மா” என்றேன். “ஞாயிறும்தான்.” பையன் முகம் விழுந்துவிட்டது.

எனக்குப் பின்னாலிருந்து குரல். “நான் வரட்டுமா?”

கட்டிலிலிருந்து எழுந்து வந்திருக்கிறார். கசங்கின சட்டை, வளர்ந்த தாடி. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரிடம் கேட்கிறார்? இவரால் பொறுப்பு பறிபோன பெண்ணிடமும், இவரால் விசாரணைக்கு அலைந்த பையனிடமுமா? விசில் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

“செருப்போட வர முடியாது சார். ஷூ இருந்தா போட்டுக்கிட்டு வாங்க.”

அவர் தேடி எடுத்துப் போடும்வரை நின்றார்கள். எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. “பார்த்துப் போங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். எதிர்ப்பக்கம் போகும் பேருந்துக்கு அவர்கள் நின்றார்கள். நாள் முழுக்க மூக்கைத் துடைத்துவிட்டேன், பால் புகட்டினேன், மனசு மட்டும் அங்கேயே இருந்தது.

சாயங்காலம் வந்தபோது இவர் குதிகாலில் கொப்புளத்தோடு, பக்கெட்டில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பையைக்கூட வைக்கவில்லை, பேச ஆரம்பித்துவிட்டார். பாறை இருந்ததாம். ஓடை இருந்ததாம். அவசரம் அந்தப் பாறையை உட்கார்ந்தே தாண்டினானாம். விசிலிடம், ‘எல்லாம் என் தப்பும்மா’ என்று சொன்னாராம். அவள் ‘ஆமா சார்’ என்றாளாம். மாதக்கணக்கில் நான் கேட்காத குரல்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. சத்தியமாக வயிறு எரிந்தது. அவர் அருகில் தரையில் உட்கார்ந்து, ஓடையைத் தாண்டினால் என்ன வரும் என்று தெரியாதவள் மாதிரி, “அப்புறம்?” என்று கேட்டேன்.