கோரை என்று சொல்லிவிட்டேன்

1953, ஐப்பசி. செவ்வாய்க்கிழமை இரவு.

தூக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பிரெஞ்சு டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வதுதான் என் வேலை. இன்று வரிச்சிக்குடியிலிருந்து செல்லம்மாள் மாட்டுவண்டியில் வந்திருந்தாள். அவள் மார்பில் இருந்த கட்டியைத் தை மாதம் அறுத்து எடுத்தார்கள். இப்போது அக்குளில் ஒன்று இருக்கிறது. முதுகெலும்பில் தீராத வலி.

"எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று என்னைத்தான் கேட்டாள். டாக்டரை அல்ல.

டாக்டர் நிதானமாகத்தான் விளக்கினார். புற்று பக்கத்துச் சதைக்குள் புகுந்துவிடும், அதன் துணுக்குகள் ரத்தத்தோடு போய் வேறு இடத்தில் வளரும், கட்டியை அறுக்கும் முன்பே அவை கிளம்பியிருக்கும் என்றார். அவருக்கு வார்த்தை இருக்கிறது. களை பறிக்கிறவளிடம் நான் எதைச் சொல்வது?

"வயல்ல கோரை மாதிரிம்மா. மேலே பிடுங்கினாலும் அடியில ஓடி வேற இடத்துல முளைச்சிடுது" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவள் தலையை ஆட்டினாள். "கோரையை யாருங்க ஒழிச்சிருக்கா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்க முகமே வாடிப்போச்சு. நேரமாச்சு, போய்ச் சாப்பிடுங்க" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று டாக்டர் கேட்டார். நன்றி சொல்கிறாள் என்றேன்.

அந்த அறையில் ரெண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவள் சொன்னது என்னோடேயே வீட்டுக்கு வந்துவிட்டது. தட்டில் சோறு அப்படியே இருக்கிறது.

என் மனைவி கண்மூடிய பிறகு, என்னைச் சாப்பிடச் சொன்னது செல்லம்மாள் ஒருத்திதான்.