அரக்கோணத்தில் காத்திருக்கும் கட்டம்

திருத்தணி, 12-8-1978

அன்புள்ள தோழிக்கு,

விளையாடுகிறவர்கள் சொல்வதை, விளையாட்டைச் செய்தவர்கள் எவ்வளவு தூரம் கேட்பது? எனக்குத் தெரியவில்லை.

நாம் செய்த ரயில் விளையாட்டு அட்டையின் இரண்டாம் பதிப்பு நாளை அச்சுக்குப் போக வேண்டும். முதல் பதிப்பை ஆடியவர்களிடமிருந்து வந்த நாற்பது கடிதங்களிலும் ஒரே புலம்பல். அரக்கோணத்தில் வண்டியைத் தவறவிட்டு, மூன்று முறை ஆடாமல் உட்காரும் கட்டத்தை எடுத்துவிட வேண்டுமாம். பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார்.

"நெஜ அரக்கோணத்துலதான் குந்திகினு கெடக்கிறோம் டீச்சரம்மா. அட்டையிலயுமா?"

அது இல்லாவிட்டால் ஆட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "முடியட்டுமே" என்று சிரிக்கிறார். நான் கணிதம் படித்தது இதற்குத்தானா?

இதையே நீ சொன்னபோது நான் பேசியதை இங்கே எழுத விரும்பவில்லை. நீ சென்னைக்குப் போய் இரண்டு வருடமாகிறது.

இது மறுநாள் எழுதுவது. அந்தக் கட்டத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, பக்கத்து வீட்டு ஜெயம்மாவையும் அவள் கணவரையும் ஆடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஜெயம்மா தோற்றாள்.

"இன்னொரு வாட்டி போடுய்யா, உன்னை விடமாட்டேன்."

ஐந்து ஆட்டம் ஆடினார்கள். வெள்ளைத் தாள் ஒட்டிய அட்டையை அப்படியே அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். செய்தவர்கள் என்ற இடத்தில் உன் பெயர் முதலில் இருக்கிறது.

உன் பிடிவாதக்காரி