ஒன்றேகால் மணி நேரம்

சிரஞ்சீவி மகனுக்கு அப்பா எழுதுவது:

விசாரித்துவிட்டேன். சென்னையிலிருந்து மதுரைக்கு வான்வழியே ஏறக்குறைய நானூற்று முப்பது கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். நிலையத்திலிருந்து வில்லாபுரம் வீட்டுக்குக் கால் மணி. ஆக, மூன்று வருடங்களாக நீ ஒன்றரை மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறாய்.

வீட்டுக்கு மேல் விமானம் தாழ்ந்து போகும்போதெல்லாம் உன் அம்மா உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள். மிஞ்சியதை மறுநாள் நான் சாப்பிட்டுவிடுவேன், வீணாகவில்லை.

இப்போது சமையல் என்னுடையது. அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தந்தி கொடுக்கக் கிளம்பினேன். "தந்தின்னா புள்ள பதறிருவான். காயிதம் போடுங்க, போதும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொல்லை நான் தட்டியதில்லை.

கடிதம் உன்னிடம் சேர இரண்டு நாள் ஆகும். டாக்டர் சொல்லியிருக்கும் கெடு நான்கு நாள். விமானம் தினமும் இருக்கிறது.

உன் அப்பா