கை நனைக்காதவர்

மார்ச் 12

போர் தண்ணீர் இன்றும் டீத்தூள் நிறம். கம்பெனி குழாய் போட்டுத் தன் கழிவை ஓடையில் விட ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான். என் வெள்ளைச் சேலைகள் காவியாகிவிட்டன, கேட்காமலே துறவறம்.

சாயங்காலம் வேட்பாளர் தணிகைவேல் வந்தார். "ஜெயிச்சா மொத வேல அந்தக் குழாய அடைக்கிறதுதான் டீச்சர். மேடையில நீங்க ரெண்டு வார்த்த பேசணும். நீங்க சொன்னா ஊரு கேக்கும்."

சரி என்றேன். மனுக் கொடுத்தே ஓய்ந்தவளுக்கு வேறு வழி?

மார்ச் 21

கும்மிடிப்பூண்டி பஜாரில் கூட்டம். தணிகைவேல் முழங்கினார்: "கம்பெனிக்காரன் துட்டுல அரசியல் பண்றவன் நான் இல்ல! அவன் வாசல்ல இந்தத் தணிகைவேல் கை நனைக்க மாட்டான்!"

நல்ல மரபுத்தொடர். கல்யாணப் பேச்சு முடியாத வீட்டில் நாம் சாப்பிடுவதில்லையே, அது. வகுப்பாக இருந்தால் பலகையில் எழுதியிருப்பேன். "இவர் சொன்ன சொல் தவறாதவர்" என்று நானும் பேசினேன். பிறகு பிரியாணி. ருசியாக இருந்தது, இன்னொரு டப்பாவும் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 22

பக்கத்து வீட்டு ஷமீமா வந்தாள். கம்பெனி கேன்டீனில் சமைப்பவள்.

"பிரியாணி எப்டி டீச்சர்?"

"எந்தப் பிரியாணி?"

"இன்னா டீச்சர், நேத்து கூட்டத்துல துன்னீங்களே! நாங்கதான் ஆக்கனோம். வெங்காயம் உரிச்சிக்கினே கண்ணு போச்சு. டப்பாவுல கம்பெனி பேரு தெரியக் கூடாதுன்னு மேனேஜரு நின்னு ஸ்டிக்கர கிழிக்க வெச்சாரு. வண்டி, கொடி, மைக்கு செட்டு, எல்லாமே கம்பெனி செலவுதான்."

"எதிர்த்து நிற்பவர்?"

"அவுருக்கும் எங்க கேன்டீன்தான். ஆனா குஸ்கா. தோக்குற பார்ட்டின்னு பீஸு போடல."

சீ! கை நனைக்க மாட்டேன் என்று அவன் சொன்னான் — நனைத்தது நான். முழங்கை வரை.

மார்ச் 23

தணிகைவேலையே போனில் கேட்டேன். மறுக்கக்கூட இல்லை. "அவன் துட்ட வாங்கி அவனையே திட்டுறேன் டீச்சர். அதுக்கு ஒரு தில்லு வேணாமா?"

வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுத ஒரு லீடரை நிறுத்துவோம். அவன்தான் எல்லோரையும்விட அதிகம் பேசுவான். அவன் பெயர் மட்டும் பலகையில் ஏறாது. இவன் வைத்திருப்பது அந்தச் சாக்பீஸ்தான். தில்லாம் தில்லு.

ஏப்ரல் 2

அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டேன் என்றேன். அது போதுமா? மேடையில் நான் சொன்னதை யார் திரும்பப் பெறுவது? தெருத்தெருவாகப் போய், அந்தப் பிரியாணி எந்த அடுப்பில் வெந்தது என்று சொன்னேன். ஷமீமா பெயரைச் சொல்லவில்லை. அவள் வேலை போய்விடும்.

எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் ஒருவர்: "அத்த வுடு டீச்சர். பிரியாணி நல்லாத்தான இருந்துச்சி?"

மே 5

ஜெயித்துவிட்டான்.

மே 11

சால்வையோடு வந்தான், போட்டோ எடுப்பவனையும் கூட்டிக்கொண்டு. குழாய் என்னாயிற்று என்றேன்.

"கமிட்டி போட்டுக்கீறோம் டீச்சர். கம்பெனிக்காரங்களும் அதுல இருக்காங்க."

வெயிலில் வந்திருக்கிறானே. கண்ணாடி டம்ளரில் போர் தண்ணீர் பிடித்து அவன் முன்னால் வைத்தேன். "குடிங்க. எவ்வளவு பேசியிருக்கீங்க!"

பார்த்தான். போட்டோ எடுப்பவனும் பார்த்தான்.

"இருக்கட்டும் டீச்சர், இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்."

டம்ளரைத் தொடக்கூட இல்லை.

ஒரு வீட்டிலாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். என் வீட்டில் அவன் கை நனைக்கவில்லை.